தொரப்பள்ளியிலிருந்து கிண்டி வரை

சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியார் என்னும் ராஜாஜியின் வாழ்க்கையை அவர் வாழ்ந்த ஊர்களின் வழியே பின்தொடர விரும்புவோர் ஓசூரில் தொடங்குவதே முறை. ஏனெனில் 1878 டிசம்பர் 10 அன்று அவர் பிறந்த தொரப்பள்ளி, அந்நகரிலிருந்து எளிதில் சென்றடையக்கூடிய தொலைவில், தென்பெண்ணையாற்றை ஒட்டி அமைந்த சிற்றூராகும். இந்தப் பயணத்துக்குக் கையில் இருக்கவேண்டிய நூல் அவருடைய மகள்வழிப் பேரன் ராஜ்மோகன் காந்தி ஆங்கிலத்தில் எழுதிய வாழ்க்கை வரலாறு. முதலில் இரு தொகுதிகளாக எழுதப்பட்டு, 1997இல் ஒரே நூலாக வெளிவந்த அது 2001ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. தாத்தாவோ 1958இலேயே ‘சக்கரவர்த்தித் திருமகன்’ என்னும் தம் இராமாயண உரைநடைக்காக அதே விருதைத் தமிழில் பெற்றிருந்தார். தாத்தாவைப் பற்றிப் பேரன் எழுதும்போது பாசம் கண்ணை மறைக்கும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் இந்நூலில் பாசம் வேறு வகையில் வேலை செய்திருக்கிறது. ஒரு கடிதத்தின் நாளையும் ஒரு முடிவின் பின்னணியையும் தேடிச் செல்லும் பொறுமையாக அது வெளிப்படுவதால், இந்நூலோடு ஊர் ஊராகச் செல்பவருக்கு நினைவிடங்களின் கண்ணாடிச் சட்டங்களுக்குள் அகப்படாத ஒரு குடும்ப மனிதர் தென்படத் தொடங்குகிறார்.

தொரப்பள்ளியில் ராஜாஜியின் தந்தை முன்சீப்பாக இருந்தார். அதாவது நிலவரி வசூலையும் ஊருக்குள் எழும் சிறு வழக்குகளையும் கவனித்துக்கொள்ளும், ஆங்கிலேய ஆட்சிக்காலக் கிராமப் பொறுப்பாளராக இருந்தார். அவர்கள் வாழ்ந்த ஓட்டு வீட்டைத் தமிழ்நாடு அரசு நினைவு இல்லமாகப் பேணி வருகிறது. நாட்டின் கடைசி கவர்னர் ஜெனரல் பிறந்த வீடு என்று கேள்விப்பட்டு வருபவர், அக்ரகாரத்து வீடுகளுக்கு நடுவே அதன் எளிமையைக் கண்டு சற்றே திகைக்கக்கூடும். சுவர்களில் மாட்டப்பட்டுள்ள படங்கள் பெரும்பாலும் பொதுவாழ்வின் படங்களே. பதவியேற்புகள், மாநாடுகள், தலைவர்களோடு நிற்கும் காட்சிகள் என அவை வரிசைப்படுகின்றன. இவ்வீட்டில் வளர்ந்த பையனோ நோஞ்சான். கிட்டப்பார்வைக் குறைபாடு உடையவன். கறுப்புக் கண்ணாடி இல்லாத ராஜாஜியைத் தமிழர்களால் இன்று கற்பனை செய்ய இயலாது என்ற நிலையில், பள்ளிப்பருவத்தில் கரும்பலகை தெளிவாகத் தெரியாமல் இடர்ப்பட்ட ஒரு சிறுவனை அந்த வீட்டுத் திண்ணைப் பக்கம் நிறுத்திப் பார்ப்பது பயனுள்ள பயிற்சி.

ஓசூர் வட்டாரத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்றும் ஒரே தேநீர்க் கடையில் கலந்து ஒலிக்கின்றன. ஒரு மொழியில் கேட்ட கேள்விக்கு மற்றொரு மொழியில் விடை வருவதை இங்கு எவரும் பொருட்படுத்துவதில்லை. பெங்களூரின் சென்ட்ரல் கல்லூரியிலும் பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் படித்த ராஜாஜிக்கு மொழி எல்லைகளைக் கடப்பது இளமையிலேயே பழகிப்போயிருக்க வேண்டும். அவருடைய பேரப்பிள்ளைகளின் வீடு இரட்டை மரபுடையதாக அமைந்ததற்கும் தொரப்பள்ளியை ஒட்டி ஓடும் ஆற்றுக்கும் ஒரு தொடர்பு உண்டு. தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றுகிறது. 1927இல் உடல்நலம் குன்றிய காந்தி அந்த நந்தி மலையிலும் பெங்களூரிலும் தங்கி ஓய்வெடுத்தபோது, அவரைக் கவனித்துக்கொண்டவர்களுள் ராஜாஜியும் ஒருவர். ஏறத்தாழ அக்காலத்தில்தான் காந்தியின் கடைசி மகன் தேவதாஸும் ராஜாஜியின் இளைய மகள் லட்சுமியும் ஒருவரையொருவர் விரும்புவது பெற்றோருக்குத் தெரியவந்தது. லட்சுமிக்கு அப்போது பதினைந்து வயதுதான் என்பதால், இருவரும் ஐந்தாண்டுகள் பிரிந்திருந்து, அதன் பிறகும் மனம் மாறாதிருந்தால் மணம் செய்துகொள்ளலாம் என்று தந்தையர் இருவரும் விதித்தனர். அவர்கள் காத்திருந்தார்கள். 1933 ஜூன் 16 அன்று, காந்தி தம் இருபத்தொரு நாள் உண்ணாவிரதத்தை முடித்துத் தளர்ந்திருந்த வேளையில், புனாவின் பர்ணகுடி இல்லத்தில் திருமணம் நடந்தது. உயர்ந்ததாகக் கருதப்பட்ட வருணத்துப் பெண், அதற்குக் கீழாகக் கருதப்பட்ட வருணத்து ஆணை மணப்பதைப் பழைய தரும நூல்கள் ‘பிரதிலோமம்’ என்று பெயரிட்டு விலக்கின. அந்த விலக்கை மீறிய இம்மணத்துக்கு இரு தந்தையரும் சாட்சிகளாக இருந்தனர். தாரா, ராஜ்மோகன், ராமச்சந்திரா, கோபாலகிருஷ்ணா ஆகிய நால்வரும் இந்த மணத்தின் பிள்ளைகள். காந்தியைத் தந்தைவழித் தாத்தாவாகவும் ராஜாஜியைத் தாய்வழித் தாத்தாவாகவும் பெற்றவர்கள் இவர்கள் நால்வர் மட்டுமே.

ஓசூரிலிருந்து சேலத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலை கிருஷ்ணகிரியின் மாந்தோப்புகளையும் தருமபுரியையும் கடந்து தொப்பூர்க் கணவாயில் இறங்குகிறது. 1900இல் இளம் வழக்கறிஞராகச் சேலத்தில் தொழில் தொடங்கிய ராஜாஜி விரைவிலேயே பெரும் வருவாய் ஈட்டியதும், 1917இல் நகராட்சித் தலைவரானதும் பலரும் அறிந்தவை. அவற்றை நினைவூட்டும் தடயங்களை இன்றைய நகரின் நெரிசலில் தேடுவது வீண் வேலை. குடும்ப வரலாற்றுக்கு முக்கியமானது வேறொன்று. மனைவி அலமேலு மங்கம்மாள் ஐந்து பிள்ளைகளை விட்டுவிட்டு இளம் வயதிலேயே இறந்தபோது ராஜாஜி நாற்பதைக்கூட எட்டவில்லை. லட்சுமி சின்னஞ்சிறு குழந்தை. மறுமணம் எளிதாகவும் வழக்கமாகவும் இருந்த அக்காலத்தில் அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. பிற்காலத்தில் பேரப்பிள்ளைகள் கண்ட தாத்தா, பாட்டி இல்லாத வீட்டின் தாத்தா. அவ்வீட்டை நடத்தியவர், கணவரை இளமையில் இழந்து தந்தையிடம் திரும்பிவந்த மூத்த மகள் நாமகிரி.

சேலத்தை விட்டுப் புறப்படுமுன் நெடுஞ்சாலையோரத்து மதுக்கடைகளின் முன் நிற்கும் கூட்டத்தைக் காண்பவர் ஒரு வரலாற்று முரணை எண்ணாமல் இருக்க முடியாது. சென்னை மாகாணப் பிரதமராக, அதாவது இன்றைய முதலமைச்சர் பதவிக்கு இணையான பொறுப்பில் இருந்த ராஜாஜி, 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதன்முதலாக நடைமுறைப்படுத்தியது இந்தச் சேலம் மாவட்டத்தில்தான். கலால் வருவாய், அதாவது கள், சாராய விற்பனையிலிருந்து அரசுக்குக் கிடைத்த வருமானம் நின்றுபோனதை ஈடுகட்ட அவருடைய அரசு 1939இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. மதுவிலக்கு போய்விட்டது, அதற்காக வந்த வரியோ உருமாறி, 2017இல் சரக்கு மற்றும் சேவை வரியில் கரைந்து, இன்றும் ஒவ்வொரு ரசீதின் அடியிலும் நின்றுகொண்டிருக்கிறது. அரசுகள் எதை எளிதில் கைவிடும், எதைக் கைவிடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

சேலத்திலிருந்து சங்ககிரி வழியாகத் திருச்செங்கோட்டை நெருங்குகையில், அர்த்தநாரீசுவரர் மலை தொலைவிலிருந்தே தெரிகிறது. சாலையின் இருபுறமும் லாரிப் பட்டறைகளும், நாடெங்கும் ஆழ்துளைக் கிணறு தோண்டச் செல்லும் ரிக் வண்டிகளும் நிற்கின்றன. வானம் பார்த்த பூமியாக இருந்த இவ்வட்டாரம், பிற ஊர்களின் நிலத்தடி நீரைத் தேடித் தரும் தொழிலில் செழித்தது தனிக் கதை. 1925இல் இங்கு பஞ்சமும் கடனும் கள்ளும் மிகுந்திருந்தன. தொழிலை உதறியிருந்த முன்னாள் வழக்கறிஞர், திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ஜமீன்தார் ரத்தினசபாபதிக் கவுண்டர் கொடுத்த நிலத்தில், அவ்வாண்டு பிப்ரவரி 6 அன்று காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். அதைத் திறந்துவைத்தவர் அப்போது காங்கிரஸில் இருந்து கதர் மூட்டையைத் தோளில் சுமந்து விற்றுவந்த ஈ.வெ. ராமசாமி, பிற்காலப் பெரியார். இன்றைய அரசியல் மேடைகளை மட்டுமே கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இந்த ஒரு செய்தியே நம்ப முடியாததாகத் தோன்றும்.

ஆசிரமம் இன்றும் இயங்குகிறது. கதர்த் துணியும் சோப்பு முதலிய கிராமத்தொழில் பொருள்களும் விற்பனைக்கு வருகின்றன. மரங்களின் நிழல் விழும் அந்த வளாகத்தில் நின்று, தொடக்ககால வேலைமுறையை மனத்தில் ஓட்டிப் பார்ப்பது பயணத்தின் மிக நிறைவான பகுதியாகும். ஆசிரமம் பஞ்சை வாங்கிக் கொட்டை நீக்கி அடித்துச் சுற்று வட்டாரப் பெண்களுக்குக் கொடுக்கும். விரல்நீளப் பஞ்சுத் திரிகளான ‘பட்டை’களாக அதை உருட்டி, அவர்கள் தத்தம் வீட்டு ராட்டையில் நூற்பார்கள். நூற்ற நூலைச் சட்டத்தில் சுற்றி எடுத்தால் கிடைக்கும் கற்றைக்குச் ‘சிட்டம்’ என்று பெயர். இன்றைய கணக்கில் ஒரு சிட்டம் 1000 மீட்டர் நூலைக் கொண்டது. நூல் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவுக்கு அதன் ‘நம்பர்’ கூடும்; நம்பர் கூடினால் கூலி கூடும். வாரச் சந்தைக்கு வருவதுபோல் பெண்கள் சிட்டங்களோடு வந்து, எடை போட்டு, இழுத்துப் பார்த்து, கூலியையும் அடுத்த தவணைப் பஞ்சையும் பெற்றுச் செல்வார்கள். மழை பொய்த்த ஆண்டில் அந்தச் சில அணாக்கள் ஒரு குடும்பத்தின் அடுப்பை எரியவைத்தன. ராட்டையைப் பற்றிப் பின்னாளில் எழுந்த கேலிகள் பலவும், இந்தக் கணக்கை ஒருமுறையேனும் போட்டுப் பார்க்காதவர்கள் செய்தவையே.

ஒடுக்கப்பட்ட சாதியினரும் ஆசிரமத்தில் சமமாகச் சேர்க்கப்பட்டதால் சுற்றுப்புறத்தார் சிலர் தொடக்கத்தில் அதை ஒதுக்கினர். தம் பிள்ளைகளுடன் அங்குச் சிறிய வீட்டில் குடியிருந்த ராஜாஜி அதற்காகப் பின்வாங்கவில்லை. லட்சுமி வளர்ந்த சூழல் இது. டெல்லியில் வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்குப் புதுப்பாளையம் தாயின் வாய்வழி வந்த ஊராகவே இருந்திருக்கும். ஆயினும் ராஜ்மோகன் தம் நூலில் இவ்விடத்துக்குக் கொடுத்திருக்கும் இடம், மாளிகைகளுக்குக் கொடுத்ததைவிடக் குறைந்ததன்று. தமிழ் இதழியலுக்கும் இவ்விடம் ஒரு தொடக்கப்புள்ளி. மதுவிலக்குக்காக 1929இல் ராஜாஜி தொடங்கிய ‘விமோசனம்’ என்னும் மாத இதழை இங்கிருந்து கவனித்துக்கொண்டவர், பின்னர்க் ‘கல்கி’யாகப் புகழ்பெற்ற ரா. கிருஷ்ணமூர்த்தி. பத்து இதழ்களே வந்த அவ்விதழ், உப்புச் சத்தியாக்கிரகத்தோடு நின்றது. 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து புறப்பட்டு வேதாரண்யம் வரை சுமார் 240 கிலோமீட்டர் நடந்த தொண்டர் படையை நடத்திச் சென்ற ஐம்பத்தொரு வயது ராஜாஜியை, இந்த ஆசிரம வாழ்க்கையை அறியாமல் புரிந்துகொள்ள முடியாது.

சேலத்திலிருந்து சென்னைக்குச் செல்லும் இரவு ரயிலில் அமர்ந்திருப்பவர், இப்பாதையில் நேரில் காணாத இரு நகரங்களை நூலின் துணையால் கடந்துவிடலாம். ஒன்று டெல்லி. இந்துஸ்தான் டைம்ஸ் நாளிதழை நடத்திவந்த தேவதாஸின் குடும்பம் அந்நகரில்தான் இருந்தது. 1948 ஜனவரி 30 அன்று ஒரு தாத்தா அதே நகரில் சுட்டுக்கொல்லப்பட்டார். ஐந்து மாதம் நிறைவதற்குள், ஜூன் 21 அன்று, மற்றொரு தாத்தா கவர்னர் ஜெனரலாகப் பொறுப்பேற்று, அதே நகரின் 340 அறைகள் கொண்ட மாளிகைக்குக் குடிவந்தார். பன்னிரண்டு வயதுப் பையனாக இருந்த ராஜ்மோகனுக்கும் அவருடைய உடன்பிறந்தோருக்கும் அவ்வாண்டு எப்படி இருந்திருக்கும் என்பதை எந்த ஆவணமும் முழுதாகச் சொல்லிவிட முடியாது. வைசிராய்கள் பயன்படுத்திய ஆடம்பர அறைகளைத் தவிர்த்துச் சிறிய அறைகளில் ராஜாஜி தங்கினார் என்பதும், உணவுப் பஞ்சம் நிலவிய அக்காலத்தில் மாளிகைத் தோட்டத்தின் ஒரு பகுதியில் கோதுமை பயிரிடச் செய்தார் என்பதும் பதிவான செய்திகள். மற்றொரு நகரம் கல்கத்தா. 1947 ஆகஸ்ட் 15 முதல் அங்கு மேற்கு வங்க ஆளுநராக ராஜாஜி இருந்த அதே மாளிகைக்கு, 2004இல் அவருடைய கடைசிப் பேரன் கோபாலகிருஷ்ண காந்தி ஆளுநராகச் சென்றார். 2008இல் மாநிலம் மின்வெட்டால் வாடியபோது, ஆளுநர் மாளிகையிலும் நாள்தோறும் சில மணி நேரம் விளக்குகளை அணைத்துவைக்கச் செய்தார். அச்செயல் விளம்பரம் என்று சிலரால் குறைகூறப்பட்டது. தாத்தாவின் கோதுமையும் அக்காலத்தில் அவ்வாறே குறைகூறப்பட்டிருக்கக்கூடும். நால்வருள் தமிழ்நாட்டோடு மிக நெருங்கியவர் இந்தப் பேரனே. 1968இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து தமிழ்நாட்டில் பணியாற்றிய அவர், கண்டியில் தூதரக அதிகாரியாக இருந்தபோது மலையகத் தமிழர் தாயகம் திரும்பும் பணியைக் கவனித்தார். அவர்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நாவலும் எழுதினார். ராஜாஜி திருக்குறளின் பகுதிகளை ஆங்கிலத்தில் தந்தவர்; 2015இல் கோபாலகிருஷ்ண காந்தியும் குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். தாத்தாவுக்குப் பேரன் செலுத்திய காணிக்கைகளுள் இது மிகவும் அமைதியானது.

சென்னையில் கதீட்ரல் சாலையிலிருந்து தொடங்கலாம். 1919 மார்ச்சில் காந்தி சென்னை வந்தபோது, சேலத்திலிருந்து அப்போதுதான் குடிபெயர்ந்திருந்த ராஜாஜியின் வீட்டில் தங்கினார். ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடு தழுவிய ஹர்த்தால் நடத்தும் எண்ணம் அங்குத்தான் அவருக்கு அரைத்தூக்கத்தில் தோன்றியது. அந்த வீடு இருந்த இடத்தில் இன்று ஒரு நட்சத்திர விடுதி நிற்கிறது. அங்கிருந்து தியாகராய நகருக்குச் சென்றால் பசுல்லா சாலை வருகிறது. ராஜாஜி தம் முதுமையில் வாழ்ந்தது இந்தச் சாலையில்தான். பேரப்பிள்ளைகளின் நினைவில் உள்ள தாத்தாவின் சென்னையும் இதுவே. பட்டுச் சேலைக் கடைகளுக்கு வரும் கூட்டத்தில் சாலையின் பெயரைப் பார்ப்பதற்கு யாருக்கும் நேரமில்லை. 1957 ஆகஸ்டில் தேவதாஸ் காலமானபோது கடைசிப் பேரனுக்குப் பன்னிரண்டு வயது, தாத்தாவுக்கு எழுபத்தெட்டு. அதற்கு இரண்டாண்டுகளுக்குப் பின் அவர் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். 1962 செப்டம்பரில், எண்பத்து மூன்று வயதில், அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தக் கோரி வாஷிங்டன் சென்று அதிபர் கென்னடியைச் சந்தித்தார். 1971இல் தி.மு.க. அரசு மதுவிலக்கைத் தளர்த்த முனைந்தபோது, கொட்டும் மழையில் முதலமைச்சர் கருணாநிதியின் வீட்டுக்கே சென்று வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கேட்டது கிடைக்கவில்லை.

இந்த முதுமைக்காலப் பெருமைகளோடு 1953ஐயும் சேர்த்தே பார்க்க வேண்டும். கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தைப் பாதியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்று முதலமைச்சர் ராஜாஜி கொண்டுவந்த ஏற்பாட்டைப் பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகத்தாரும் ‘குலக்கல்வித் திட்டம்’ என்று கூறி எதிர்த்தனர். 1954இல் அவர் பதவி விலக நேர்ந்தது. அடுத்து வந்த காமராஜர் அத்திட்டத்தைக் கைவிட்டார். இடப் பற்றாக்குறையும் நிதிப் பற்றாக்குறையும் உண்மையானவையே என்றாலும், தொழில் சாதியோடு பிணைந்து கிடந்த சமூகத்தில் அத்தகைய ஏற்பாடு என்ன பொருள்படும் என்பதை அவரைப்போன்ற கூர்மதியினர் உணராமல் போனது வியப்புக்குரியது. புதுப்பாளையத்தை நேரில் கண்டுவந்தவருக்கு அந்த வியப்பு இரட்டிப்பாகும். பேரனின் நூல் இந்த அத்தியாயத்தைத் தாண்டிச் செல்லவில்லை. 1942இல் ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்துக்கு உடன்படாமல் மற்றொரு தாத்தாவோடு ராஜாஜி முரண்பட்டதையும் அது மறைக்கவில்லை. இரு தாத்தாக்களுள் யார் பக்கம் நிற்பது என்ற கேள்வி வேறெந்த வரலாற்றாசிரியருக்கும் இந்த வடிவில் எழுந்திராது.

கடைசி நிறுத்தம் கிண்டி. சர்தார் பட்டேல் சாலையில், சிறுவர் பூங்காவிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில் காந்தி மண்டப வளாகம் உள்ளது. அதற்குள் காந்திக்கும் ராஜாஜிக்கும் மட்டுமன்றிக் காமராஜருக்கும் நினைவிடம் இருக்கிறது. ஒருவர் கொண்டுவந்த திட்டத்தை நீக்கிய மற்றொருவர், இப்போது அவருக்கு அண்டை வீட்டுக்காரர். ராஜாஜி 1972 டிசம்பர் 25 அன்று, தொண்ணூற்று நான்கு வயது நிறைந்து பதினைந்து நாள்களில் காலமானார். அவருடைய இறுதிச் சடங்குக்குச் சக்கர நாற்காலியில் வந்த பெரியார், அரை நூற்றாண்டு எதிரியின் உடலருகே வாய்விட்டு அழுதார். மறு ஆண்டு டிசம்பர் 24 அன்று அவரும் மறைந்தார். கிண்டி வளாகத்தின் பலகைகள் பிறந்த நாள், இறந்த நாள், வகித்த பதவி ஆகியவற்றைக் கூறுகின்றன. காந்தி மண்டபத்துக்கும் ராஜாஜி நினைவிடத்துக்கும் உரியவர்கள் சம்பந்திகள் என்பதையும், இரண்டுக்கும் பொதுவான பேரப்பிள்ளைகள் உண்டு என்பதையும் அங்கும் ஒரு வரியில் எழுதி வைக்கலாம். பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துவரும் ஆசிரியர்களுக்கு அது பெரிதும் உதவும். காலை நடைக்கு வரும் முதியவர்கள் அதை நிச்சயம் நின்று படிப்பார்கள்.